மக்கள்தொகைக் கணக்கில் ஒரு கடலோடிக் குடும்பம்

ஒரு நாட்டு மக்களைத் தலைக்குத் தலை எண்ணிப் பார்ப்பது எளிய செயலன்று. பத்தாண்டுக்கு ஒரு முறை இலட்சக்கணக்கான பணியாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி, பெயர், வயது, பிறந்த ஊர், தாய்மொழி, தொழில் என்று கேட்டு எழுதிச் செல்கிறார்கள். கேட்டவர் போனதும் நாம் அதை மறந்துவிடுகிறோம். ஆனால் வரலாறு படிக்கும் மாணவனுக்கு அந்தக் கணக்கு ஒரு புதையல். அப்புதையலில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை, ஒரு கடலோடிக் குடும்பத்தின் இடப்பெயர்ச்சியை எடுத்துக்காட்டாக வைத்து இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன். அந்தக் குடும்பம் என்னுடைய குடும்பமே.

மணிமுத்தாறு சேரும் கடல்

விருத்தாசலத்தில் வாழும் நமக்குக் கடல் ஏதோ தொலைவில் இருப்பதாக ஒரு நினைப்பு. பீங்கான் தொழிலும், இரயில் சந்திப்பும், பழமலைநாதர் கோயிலும்தான் நம் ஊரின் அடையாளங்கள். ஆனால் நம் ஊரைத் தொட்டு ஓடும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. அந்த வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. ஆற்று வழியே பார்த்தால் நம் ஊரின் வாசல் பரங்கிப்பேட்டைதான்.

பரங்கிப்பேட்டைக்குப் போர்த்துக்கீசியர் இட்ட பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம். அவர்களுக்குப் பின் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அங்கே பண்டகசாலை வைத்தார்கள். 1781இல் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் பெரும்போர் நடந்ததும் அங்கேதான். 1830ஆம் ஆண்டையொட்டி ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பு உருக்காலை தொடங்கியதும் அவ்வூரில்தான். இவர்கள் எல்லாரும் வந்தார்கள், போனார்கள். அவ்வூரின் மரைக்காயர் குடும்பங்களோ தலைமுறை தலைமுறையாகத் தோணியும் கப்பலும் ஓட்டி, இலங்கை, பர்மா, மலாயா என்று வங்கக் கடலின் கரைகளையெல்லாம் தம் முற்றமாக்கிக் கொண்டிருந்தன.

எங்கள் குடும்பம் அவற்றுள் ஒன்று. வீட்டில் சொல்லிவரும் செய்தியைச் சுருக்கினால் இவ்வளவுதான். என் பாட்டனாருடைய தாயாரின் பாட்டனார் தோணித் தண்டேல். அவர் தம்பி பினாங்குக்குப் போனார், அங்கேயே தங்கிவிட்டார். பாட்டனாரின் தாய்மாமன் ரங்கூனுக்குப் போனார். 1941ஆம் ஆண்டுக் கடைசியோடு கடிதம் நின்றுவிட்டது. பாட்டனார் 1960ஐ அடுத்த ஆண்டுகளில் பீங்கான் தொழிலுக்காக விருத்தாசலம் வந்து சேர்ந்தார். ஆக நான்கு இடங்கள், நான்கு தலைமுறைகள்.

“நீ சரித்திரம்தானே வாப்பா படிக்கிறே? பழைய சென்சஸ் புத்தகத்திலே எங்க மாமா பேரு இருக்குமான்னு பாரேன்” என்றார் பாட்டனார். தம் தாயார் இறக்கும்வரை அண்ணனைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்ததை அவர் மறக்கவில்லை. அவருக்கு விடை சொல்லத்தான் நான் இந்தக் கணக்குகளைப் படிக்கத் தொடங்கினேன்.

எண்ணிய முறை

சென்னை மாகாணத்தில் 1851ஆம் ஆண்டு தொடங்கியே ஐந்தாண்டுக்கு ஒரு முறை மக்களை எண்ணும் வழக்கம் இருந்தது. 1871-72இல் பெரும்பாலான மாகாணங்களில் கணக்கு எடுத்தார்கள். எல்லா இடத்திலும் ஒரே நாளில் அன்று. நாடு முழுவதும் ஒரே இரவைக் குறித்து எண்ணிய முதல் கணக்கு 1881 பிப்ரவரி 17ஆம் நாள் நடந்தது. அதன்பின் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் விடாமல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒன்றாக நடந்து வந்தது.

1931 வரை நடந்த முறை இது. குறித்த நாளுக்குச் சில வாரம் முன்பே வீடுகளுக்கு இலக்கமிட்டு, ஆட்களின் விவரத்தைத் தாளில் எழுதி வைப்பார்கள். குறித்த இரவில் மீண்டும் வந்து, இறந்தவரையும் ஊரில் இல்லாதவரையும் அடித்துவிட்டு, புதிதாகப் பிறந்தவரையும் வந்து தங்கியிருப்பவரையும் சேர்ப்பார்கள். அன்றிரவு எவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் அவருக்குக் கணக்கு. சொந்த ஊர் எது என்பது பிறகு.

அந்தத் தாள்கள் மாவட்ட, மாகாண அலுவலகங்களுக்குப் போகும். 1901 முதல் ஆளுக்கு ஒரு சீட்டு என்று பெயர்த்து எழுதும் முறை வந்தது. மதத்துக்கு ஒரு நிறச் சீட்டு. ஆண், பெண், மணமானவர், ஆகாதவர் என்பதற்குத் தனித்தனி அடையாளம். சீட்டாட்டக்காரர் சீட்டைப் பிரிப்பதுபோல அவற்றைப் பிரித்து எண்ணி அட்டவணை போடுவார்கள். அட்டவணை அச்சேறியதும் தாள்களுக்கும் சீட்டுகளுக்கும் வேலை முடிந்தது. அவை பாதுகாத்து வைக்கப்படவில்லை.

இதுதான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. நம் நாட்டுப் பழைய மக்கள்தொகைக் கணக்கு என்று நூலகங்களில் தடித்தடியாக இருப்பவையெல்லாம் அட்டவணைகளும் அறிக்கைகளுமே. அவற்றில் எண்கள் உண்டு; ஆட்களின் பெயர்கள் இல்லை. “பரங்கிப்பேட்டை, இன்ன தெரு, இன்ன வீடு, தண்டேல் இன்னார்” என்று 1881இல் ஒரு கணக்கர் நிச்சயம் எழுதியிருப்பார். ஆனால் அந்த எழுத்து இன்று இல்லை.

நாற்பத்தைந்து நாள் இடைவெளி

பிரிட்டனில் கதை வேறு. அங்கே 1841 முதல் வீட்டுக்கு வீடு எழுதிய பெயர்ப்பட்டியல்களைப் பாதுகாத்து, நூறாண்டு கழிந்தபின் மக்கள் பார்வைக்குத் திறந்துவிடுகிறார்கள். 1921ஆம் ஆண்டுப் பட்டியல் 2022 சனவரியில் திறக்கப்பட்டது. அங்கும் எல்லாம் தப்பவில்லை. 1931ஆம் ஆண்டுத் தாள்கள் 1942இல் தீயில் வெந்துபோயின. அமெரிக்காவில் 72 ஆண்டு கழித்துத் திறப்பது வழக்கம். 1950ஆம் ஆண்டுப் பட்டியலை 2022இல் திறந்தார்கள். அந்நாடுகளில் ஒருவர் தம் முப்பாட்டன் எந்த ஊரில் எந்தத் தொழில் செய்தார் என்பதைப் பத்தாண்டுப் படிகளாக ஏறிப் பார்க்க முடிகிறது.

இதில் வியப்பான ஒன்று உண்டு. 1881இல் பிரிட்டனில் கணக்கெடுத்த நாள் ஏப்ரல் 3. நம் நாட்டுக் கணக்குக்கும் அதற்கும் இடையே நாற்பத்தைந்து நாள்தான். அக்காலத்தில் ஆங்கிலக் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகளை ‘லஸ்கர்’ என்பார்கள். இலண்டன் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் இருந்த லஸ்கர்களும், கரையில் அவர்களுக்கென்று 1857இல் திறந்த விடுதியில் தங்கியிருந்தோரும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். எழுதியவர் காதில் விழுந்தபடி பெயர்கள் சிதைந்திருக்கும். பிறந்த இடம் ‘சென்னை’ என்றோ வெறுமனே ‘இந்தியா’ என்றோ இருக்கும். ஆனாலும் பெயர் இருக்கிறது.

எண்ணிப் பாருங்கள். சோழமண்டலக் கரையில் பிறந்த இரண்டு அண்ணன் தம்பிகள். ஒருவர் தம் ஊரிலேயே, தம் வீட்டுத் திண்ணையில், 1881 பிப்ரவரி 17 இரவு எண்ணப்பட்டார். மற்றவர் ஏப்ரல் 3 இரவு, குளிரில் நடுங்கியபடி இலண்டனில் எண்ணப்பட்டார். இன்று வீட்டில் இருந்தவர் வெறும் எண். வெளியே போனவருக்குப் பெயர் இருக்கிறது!

எண்கள் பேசும் மொழி

பெயர் இல்லை என்பதால் அட்டவணைகளைத் தள்ளிவிடலாமா? கூடாது. குடும்பம் எந்தக் காற்றில் போனது என்பதை அவைதாம் சொல்கின்றன.

முதலாவது, ஆண் பெண் தொகை. கணக்கெடுப்பு நாள் பெரும்பாலும் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ விழுந்தது. அது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கடல் அடங்கி, தோணிகள் ஓடும் காலம். துறைமுகங்களில் நிற்கும் படகுகளை எண்ணத் தனி ஏற்பாடு இருந்தபோதிலும், கடலோடியின் கணக்கு அவன் நின்ற துறைக்குத்தான் போகும், வீட்டுக்கு வராது. ஆகவே கடலோர ஊர் ஒன்றின் அட்டவணையில் பெண்கள் மிகுந்தும், நடு வயது ஆண்கள் குறைந்தும் காணப்பட்டால், அந்த இடைவெளிதான் கடலில் இருந்தவர்களின் நிழல் என்று கொள்ளலாம்.

இரண்டாவது, பிறந்த இடம் பற்றிய அட்டவணை. போனவர்களைப் புறப்பட்ட ஊரில் தேடிப் பயனில்லை. போய்ச் சேர்ந்த ஊரின் கணக்கில் தேட வேண்டும். பர்மா 1937இல் பிரியும்வரை இந்தியாவோடு சேர்ந்திருந்ததால், அதன் கணக்கும் இந்தியக் கணக்கின் ஒரு பகுதி. இலங்கைக்கும், சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கும் 1871 முதல் தனித்தனி அறிக்கைகள் உண்டு. இலங்கையின் 1901ஆம் ஆண்டுக் கணக்கை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம் என்ற தமிழரே.

மூன்றாவது, வகுப்புப் பெயர்கள். இங்கேதான் மிகுந்த விழிப்பு வேண்டும். ஆள் அசையாமல் ஓரிடத்தில் இருக்கும்போதே, கணக்கில் அவன் பெயர் மாறிவிடுவதுண்டு.

பினாங்கில் பெயர் மாறிய கதை

பினாங்கில் ஆங்கிலேயர் 1786இல் குடியேறினர். தமிழ் முஸ்லிம் வணிகர்களும் மாலுமிகளும் தொடக்கத்திலேயே அங்கே போய்ச் சேர்ந்தார்கள். தென்மேற்குக் காற்றில் கிழக்கே போய், வடகிழக்குக் காற்றில் ஊர் திரும்புவது பாய்க்கப்பல் வழக்கம். அவர்களை அங்கே ‘சூலியா’ என்றார்கள். ஜார்ஜ் டவுனில் இன்றும் சூலியா தெரு உள்ளது. அவர்களுக்குத் தலைவராக இருந்தவரைக் ‘கப்பித்தான் கிலிங்’ என்பார்கள். அப்பதவியில் இருந்த காதர் முகைதீன் மரைக்காயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய பள்ளிவாசல் கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல் என்றே இன்றும் வழங்குகிறது.

அங்கே போன பலர் மலாய்ப் பெண்களை மணந்தார்கள். அவர்கள் பிள்ளைகளைப் ‘ஜாவி பெக்கான்’ என்றும் ‘ஜாவி பெரானாக்கன்’ என்றும் அழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கணக்குகளில் ஜாவி பெக்கான் என்பது தனி வகுப்பு. பின்வந்த கணக்குகளில் அந்தப் பெயர் மறைந்துவிட்டது. அந்த மக்கள் எங்கும் போய்விடவில்லை. மலாய்க்காரர் என்ற பெரிய எண்ணுக்குள் அவர்களில் பெரும்பாலோர் கரைந்துவிட்டார்கள். பாட்டன் சூலியா, தந்தை ஜாவி பெக்கான், மகன் மலாய்க்காரர். மூவரும் ஒரே வீட்டில் இருந்திருக்கலாம்.

ஆனால் ஒன்று மட்டும் கரையாமல் நின்றது. ‘மரைக்காயர்’ என்ற சொல் மலாய் வாயில் ‘மெரிக்கன்’ ஆகி, மலேசியாவில் இன்றும் பல குடும்பங்களின் பெயராக இருக்கிறது. கணக்கெடுத்தவர்கள் வகுப்பை மாற்றி எழுதினார்கள். குடும்பங்கள் பெயரை விடவில்லை. எங்கள் தண்டேலின் தம்பி வழியினர் இன்று அப்பெயரோடுதான் இருப்பார்களோ, என்னவோ!

ரங்கூனில் பெயர் அழிந்த கதை

நீராவிக் கப்பல் வந்தபின் பாய்க்கப்பல் தொழில் நலிந்தது. காற்றுக்காகக் காத்திராமல் நாள் குறித்து ஓடும் கப்பலோடு தோணி போட்டியிட முடியுமா? 1926இல் கட்டிய ‘ரஜூலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கப்பல் ஓட்டிய குடும்பத்துப் பிள்ளைகள் டிக்கெட் வாங்கிக் கப்பல் ஏறும் நிலை வந்தது. அப்படி ஏறியவர்களுள் ஒருவர்தான் என் பாட்டனாரின் மாமா. ரங்கூனில் ஒரு கடையில் கணக்கெழுதினார் என்பது வீட்டுச் செய்தி.

1931ஆம் ஆண்டுக் கணக்கின்படி ரங்கூன் நகரின் மக்கள்தொகை 4,00,415. அவர்களுள் இந்தியர் 2,12,929 பேர். அதாவது பர்மாவின் தலைநகரில் பாதிக்குமேல் நம்மவர்கள்! பர்மா முழுவதுமாக இந்தியர் 10 இலட்சத்துக்குச் சற்றுக் கூடுதல். அங்கேயும் பினாங்குக் கதைதான்: இந்திய முஸ்லிமுக்கும் பர்மியப் பெண்ணுக்கும் பிறந்தவர்களை ‘ஜெர்பாதி’ என்றார்கள். 1931இல் இத்தகையோரை இந்தோ-பர்மியர் என்ற தலைப்பின்கீழ்க் கொண்டுவந்தார்கள். மாமா அங்கே குடும்பம் அமைத்திருந்தால், அவர் ஒரு கட்டத்திலும் அவர் பிள்ளைகள் வேறொரு கட்டத்திலும் எண்ணப்பட்டிருப்பார்கள்.

1941இல் பர்மாவில் மீண்டும் எண்ணினார்கள். ஆனால் அந்த ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தே அஸ்ஸாமுக்கும் வங்காளத்துக்கும் வந்தார்கள்; வழியில் மாண்டவர்கள் பலர். 1941ஆம் ஆண்டுக் கணக்கின் தாள்களில் பெரும்பகுதி அந்தப் போரில் அழிந்தது. மொத்தத் தொகை போன்ற சில எண்களே எஞ்சின.

ஆகவே பாட்டனாருக்கு நான் சொல்லக்கூடிய விடை இதுதான்: “1931இல் எண்ணிய அந்த 2,12,929 பேரில் மாமாவும் ஒருவர். அதற்குமேல் அந்தப் புத்தகம் சொல்லாது.” அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த எண்ணைத் தாளிலே எழுதிக் கொடு” என்றார். எழுதிக் கொடுத்தேன். தாயாரின் தேக்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

விருத்தாசலம் வந்தபோது

விடுதலைக்குப் பிந்திய கணக்குகள் இடப்பெயர்ச்சியை மேலும் கூர்மையாகக் கேட்டன. 1961இல் பிறந்த இடத்தோடு, வேறூரில் பிறந்தவராயின் இங்கே எத்தனை ஆண்டாக வசிக்கிறார் என்றும் கேட்டார்கள். 1971இல் கடைசியாக எங்கே வசித்தார் என்பது சேர்ந்தது. 1981இல் ஏன் இடம் மாறினார் என்ற காரணமும் சேர்ந்தது. பரங்கிப்பேட்டையில் பிறந்து பீங்கான் சூளைக்கு வேலைக்கு வந்த ஓர் இளைஞர் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லியிருப்பார்.

ஆனால் 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குச் சட்டத்தின்படி, தனி ஆள் சொன்ன விவரத்தை எவரும் பார்வையிட இயலாது. நீதிமன்றத்தில் சான்றாகவும் காட்ட முடியாது. இதில் நியாயம் உண்டு. சொன்னது வெளியே போகும் என்றால் மக்கள் மெய் சொல்வார்களா? இரகசியம் காத்தால்தான் எண் உண்மையாக இருக்கும். பிரிட்டனும் இரகசியம் காக்கிறது; நூறாண்டுக்குப்பின் திறக்கிறது. நாமோ பழைய தாள்களை வைத்திருக்கவே இல்லை. இந்த வேறுபாடு மாணவர்கள் சிந்திக்கத் தக்கது.

பின் எங்கே தேடுவது?

பெயரைத் தேடுவோர் வேறு ஏடுகளை நாட வேண்டும். முதலில் பத்திரங்கள். 1864 முதல் பத்திரப் பதிவுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. வீட்டையோ மனையையோ விற்கும்போது, பங்குதாரர் கடல் கடந்து இருந்தால் அவர் இருக்கும் ஊரையும் எழுதுவது வழக்கம். எங்கள் வீட்டுப் பழைய பாகப்பத்திரம் ஒன்றில் “தென்னாற்காடு ஜில்லா, சிதம்பரம் தாலுகா, பரங்கிப்பேட்டை” என்று தொடங்கும் வரிக்குக் கீழே, தண்டேலின் தம்பி பெயரும் “இப்போது பினாங்கில் இருக்கும்” என்ற சொற்களும் உள்ளன. அந்த மூன்று சொல் எனக்கு ஒரு முழு அறிக்கைக்குச் சமம்.

அடுத்து, பள்ளிவாசல்களின் திருமணப் பதிவேடுகள், மாதா கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள், ஊராட்சி, நகராட்சிகளின் பிறப்பு இறப்புப் பதிவேடுகள். பிறகு அடக்கத்தலக் கல்லெழுத்துகள். பிறகு பழைய கடிதங்கள், கடவுச்சீட்டுகள், கப்பல் டிக்கெட்டுகள். சிங்கப்பூரில் 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ போன்ற பழைய தமிழ் இதழ்களும் உதவும். அரசு ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அட்டவணை நூல்களைப் பார்க்க இப்போது சென்னைக்குப் போக வேண்டியதில்லை. பல இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன.

இவற்றுள் பெயரைக் கண்டபின், மீண்டும் மக்கள்தொகை அட்டவணைக்கு வர வேண்டும். பத்திரம் “பினாங்கில் இருக்கும்” என்று மட்டுமே சொல்லும். அவரோடு எத்தனை பேர் போனார்கள், எப்போது கூட்டம் பெருகியது, எப்போது குறைந்தது என்பதை அட்டவணை சொல்லும். பெயர் ஓரிடத்தில், எண் ஓரிடத்தில். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே வரலாறு.

முடிவுரை

மக்கள்தொகைக் கணக்கு ஊரின் கதையைச் சொல்லும்; வீட்டின் கதையைச் சொல்லாது. இது கடலோடிக்கு மட்டும் பொருந்துவதன்று. நம் ஊரில் சூளையில் வேலை பார்ப்பவரின் குடும்பமும், கரும்பு வெட்டப் போகிறவரின் குடும்பமும், வளைகுடா நாட்டுக்குப் போனவரின் குடும்பமும் அட்டவணையில் ஓர் எண்ணாகத்தான் நிற்கும்.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஆம் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டுள்ளது. கணக்கெடுப்பவர் வரும்போது, பிறந்த ஊர், இடம் மாறிய காரணம் ஆகிய கேள்விகளுக்கு “ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லாமல் சரியான விடை சொல்லுங்கள். அந்த எண்ணை நூறாண்டு கழித்து ஒரு மாணவன் படிப்பான். அவர் போனபின், அதே கேள்விகளை உங்கள் வீட்டு மூத்தவரிடம் நீங்கள் கேளுங்கள். எங்கே பிறந்தீர்கள்? யார் யார் எந்த ஊருக்குப் போனார்கள்? யார் திரும்பவில்லை? ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். பெயரோடு எழுதி, தேதி போட்டு, பெட்டியில் வையுங்கள். அரசாங்கம் எண்ணை வைத்திருக்கும். பெயரை வைத்திருக்க வேண்டியவர்கள் நாம்தான்.